டாக்டர் போட்ட எழுபத்தைந்து

அன்று அண்ணன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: என் அண்ணன், அண்ணி, பட்டுப்புடவை கட்டி உட்கார வைத்திருந்த அவர்கள் மகள், பட்டுக்கோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்த பையன், அவனுடைய அம்மா, அவனுடைய தாய்மாமன், பேச்சை ஆரம்பித்து வைத்த தரகர், அப்புறம் நான். என் மனைவியும் எங்கள் ஏழு வயது மகளும் இந்தக் கணக்கில் இல்லை. அவர்கள் அடுத்த வீட்டில், அதாவது எங்கள் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அண்ணன் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஒரு மணி நேரம்தான்டா. பாப்பா சத்தம் வெளில கேக்கக் கூடாது. டி.வி.யப் போட்டு வுடு."

மகளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். டி.வி. அரசாங்கம் கொடுத்தது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி டி.வி., ஒரே மாதிரி சத்தம். அதற்குள் பாப்பாவின் சத்தம் அடங்கிவிடும் என்று அண்ணன் நினைத்தார். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. நான் இயல்பிலேயே பயந்தவன். மேட்டூரில் தண்ணீர் திறக்காவிட்டால் பயிர் என்ன ஆகும் என்று பயப்படுவேன். திறந்துவிட்டால் எங்கள் வாய்க்கால் கரை தாங்குமா என்று பயப்படுவேன். அன்று கூடத்தில் பேசியதில் பாதி என் மண்டையில் ஏறவில்லை. காது முழுக்க அடுத்த வீட்டுக் கதவிலேயே இருந்தது.

அந்தக் கதவு திறந்துவிட்டது. தாழ்ப்பாளை நீக்கப் பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே மன்னார்குடியில் அவள் போகிற சிறப்பு மையத்தில்தான். ஆறு மாதமாக அவளுடைய அம்மா தினமும் பஸ்ஸில் கூட்டிப் போய்க் கூட்டி வந்ததில் பாப்பா கற்ற வித்தை அது. நேரே வந்தாள். அண்ணி எழுந்து, "வா கண்ணு, உள்ள போவம்" என்று கையைப் பிடித்ததும் உதறினாள். தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்து, அது ஆறிப்போயிருந்தும் ஊதி ஊதித் தின்றாள். பிறகு தாய்மாமனின் முழங்காலில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

அவர் பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்தவர். பையனுக்கு அப்பா இல்லை. அந்த வீட்டில் தாய்மாமன் பேச்சுதான் எடுபடும் என்று தரகர் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

"பேரு என்ன கண்ணு?" என்று அவர் கேட்டார்.

பாப்பா 'ம்ம்ம்' என்று இழுத்தாள். வாயிலிருந்து பஜ்ஜித் துணுக்கு அவர் வேட்டியில் விழுந்தது.

"தம்பி பொண்ணு. பேச்சு கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்" என்றார் அண்ணன். "எங்கப்பாவே அஞ்சு வயசுலதான் பேசுனாராம்."

எங்கள் அப்பாவைப் பற்றி அப்படி ஒரு கதையை நான் அன்றுதான் கேட்டேன். பையனுடைய அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி எல்லோரும் சும்மா இருந்தால் எனக்குத் தாங்காது. எதையாவது சொல்லி அந்த இடத்தை நிரப்பிவிடத் தோன்றும்.

"டாக்டரு எழுபத்தஞ்சு போட்டிருக்காருங்க" என்றேன். "இன்னும் இருபத்தஞ்சுதான். அதுவும் போகப் போகச் சரியாயிடும்."

தாய்மாமன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"எழுபத்தஞ்சா?"

"ஆமாங்க. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரில. கையெழுத்துப் போட்டு சீல் வச்சுக் குடுத்திருக்காங்க."

அவர் தன் அக்காவைப் பார்த்தார். அந்த அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். காப்பி பாதி டம்ளரில் இருக்கும்போதே எழுந்துவிட்டார்கள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அவர்கள் வந்த வேன் தெருவைத் தாண்டியதும் அண்ணன் என் முதுகில் தட்டினார்.

"பரவால்லடா. நம்பரச் சொல்லி சமாளிச்சுட்ட."

அண்ணன் வாயிலிருந்து எனக்கு அப்படி ஒரு வார்த்தை கிடைப்பது அபூர்வம். அன்று பூராவும் அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். நாற்றங்காலுக்கு மாடு வராமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அப்பா நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடத்தில் சதவீதக் கணக்கு வருமுன்பே வெளியே வந்துவிட்டேன் என்றாலும், குத்தகைக்காரன் வீட்டில் பிறந்தவனுக்குச் சதவீதம் தெரியாமல் இருக்காது. அப்பாவின் இளவயதில் விளைச்சலைப் பங்கு போடும் வாரக் கணக்கு நிலத்துக்காரருக்கு நாற்பது, பயிர் வைக்கிறவனுக்கு அறுபது என்று இருந்ததாம். கொடி பிடித்தார்கள், ஜெயிலுக்குப் போனார்கள், பிறகு சட்டம் மாறி இருபத்தைந்து, எழுபத்தைந்து என்று ஆயிற்று. மாறி மாறி ஆண்ட இரண்டு கட்சிக்காரர்களும் அதைத் தாங்கள்தான் வாங்கித் தந்ததாக மேடையில் சொல்வார்கள். யார் தந்தால் என்ன, எங்கள் வீட்டில் எழுபத்தைந்து என்றால் களத்திலிருந்து நம் வீட்டுக்கு வருவது. இருபத்தைந்து என்றால் கையை விட்டுப் போவது. இது தவிர எழுபத்தைந்துக்கு வேறு அர்த்தம் இருக்க முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

நாங்கள் சாகுபடி செய்யும் நஞ்சை ஒரு டிரஸ்டுக்குச் சொந்தம். அப்பாவுக்குப் பிறகு குத்தகை அண்ணன் பெயரில். கடைமடை என்பதால் ஆற்றில் தண்ணீர் வந்தாலும் எங்களுக்குக் கடைசியாகத்தான் வரும். வராத வருஷமும் உண்டு. அப்படி அடுத்தடுத்து இரண்டு வருஷம் நெல் அளக்க முடியாமல் போய், குத்தகை பாக்கி என்று டிரஸ்டு கோர்ட்டுக்குப் போனது. வாய்தாவுக்குப் போவது, வக்கீலைப் பார்ப்பது, தவணை கேட்பது எல்லாம் அண்ணன்தான். நான் கோர்ட்டு வாசலோடு நின்றுவிடுவேன். அதனால் அண்ணன் சொல்லுக்கு மேல் சொல் பேசி எனக்குப் பழக்கம் கிடையாது.

பாப்பா மூன்று வயதில்தான் நடந்தாள். ஊரில் மந்தம் என்றார்கள், வாய்வு என்றார்கள், சிலர் இங்கே எழுத முடியாததையும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்து ஒரு வருஷம் கழித்து, வட்டாரத்திலிருந்து சிறப்பாசிரியை ஒருவர் ஸ்கூட்டியில் வந்தார். சின்ன வயது. பாப்பாவைத் தரையில் உட்கார வைத்து, தானும் தரையில் உட்கார்ந்து, வெகுநேரம் விளையாடிவிட்டு எங்களிடம் பேசினார். வளர்ச்சித் தாமதம் என்றார். மனவளர்ச்சிக் குறைபாடாக இருக்கலாம், டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றார். இது ஆட்டிசம் மாதிரித் தெரியவில்லை என்றார். கற்றல் குறைபாடு என்பது வேறு என்றார்.

"எந்த மாத்திரையில போவும் டீச்சர்?" என்று கேட்டேன்.

"இது நோய் இல்லங்க, போறதுக்கு. இவ கத்துப்பா. மெதுவாக் கத்துப்பா."

"மெதுவான்னா? தையிக்குள்ள?"

அவர் சிரிக்கவில்லை. என் மனைவிதான் என்னை முறைத்தாள்.

உரக்கடைக்குப் போகிறவன் பெயர் மறந்துவிடக் கூடாதென்று வழியெல்லாம் டி.ஏ.பி., பொட்டாஷ் என்று முணுமுணுத்துக்கொண்டே போவது மாதிரி, அந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே நான் வரப்பில் நடந்தேன். வீட்டுக்கு வருவதற்குள் எது எதற்கு என்பது கலந்துவிடும். மறுநாள் மறுபடி மனைவியைக் கேட்பேன். அவள் பத்தாவது படித்தவள். பொறுமையாகச் சொல்வாள். அதற்கடுத்த நாளும் கேட்பேன்.

தஞ்சாவூரில் பரிசோதனை நடந்த அன்று மரக்கட்டைகளை அடுக்கச் சொன்னார்கள், படத்தைக் காட்டிக் கேட்டார்கள். பாப்பா பாவாடையை நனைத்துவிட்டதால் என் மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போயிருந்தாள். அந்த நேரத்தில்தான் டாக்டர் சொன்னார்.

"எழுபத்தஞ்சு பர்சென்ட் போட்டிருக்கேன். இத வச்சு அடையாள அட்டை வாங்கிக்குங்க. பஸ் பாஸ், உதவித்தொகை எல்லாம் கெடைக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டேன். அவர் ஏதோ கேட்க வந்து, வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். நான் வாசலில் ஆரஞ்சு வாங்கினேன். பஸ்ஸில் உரித்துக்கொண்டே மனைவியிடம் சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அலைச்சல், களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டை வாங்கப் போன அலுவலகத்தில், ஊனமுற்றோர் என்றிருந்த பலகையை இறக்கிவிட்டு, மாற்றுத்திறனாளிகள் என்று புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் கட்டையூன்றி நின்றவர், "பேர மாத்திட்டாங்க. ஆபீச மாடியிலேருந்து கீழ எறக்குனாத் தேவல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று நான் என் மகளைப் பற்றிய கவலை முக்கால்வாசி தீர்ந்தவன்.

பெண் பார்த்து ஒரு வாரம் இருக்கும். பட்டுக்கோட்டையிலிருந்து பதில் இல்லை. என் மனைவிக்குக் காய்ச்சல் என்பதால் நான்தான் பாப்பாவை மையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கேயும் அதே சிறப்பாசிரியைதான். பெரிய மணிகளைக் கயிற்றில் கோக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"டீச்சர், கோவிச்சுக்கக் கூடாது. அந்த மிச்சம் இருபத்தஞ்சு எப்ப நெறையும்? சுமாரா சொன்னாப் போதும்."

"எந்த இருபத்தஞ்சு?"

"டாக்டரு எழுபத்தஞ்சு போட்டாருல்ல. அதுக்கு மேல உள்ளது."

அவர் மணியைக் கீழே வைத்தார். என்னை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

"அது பாப்பாகிட்ட இருக்குறதச் சொல்ற நம்பர் இல்லங்க. கொறையச் சொல்ற நம்பர். லேசா இருந்தா அம்பது போடுவாங்க, மிதமா இருந்தா எழுபத்தஞ்சு, கடுமையா இருந்தா தொண்ணூறு. பாப்பாவுக்கு மிதம்."

"அப்ப... இருக்குறதுதான் இருபத்தஞ்சா?"

"அப்படியும் கணக்குப் போடாதீங்க. இது உதவி குடுக்கறதுக்காகக் கவர்மெண்டு வச்சிருக்குற அளவு. போன வருஷம் இவளுக்கு ஒண்ணுக்கு வந்தாச் சொல்லத் தெரியாது. இப்ப என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போறா. அதுக்கு எத்தன பர்சென்ட் போடுவீங்க?"

அவர் சொன்னது நல்ல வார்த்தை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு ஒன்றும் ஏறவில்லை. வெளியே அம்மாக்கள் காத்திருக்கும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். அங்கே பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "என்னண்ணே, கேசுல தோத்த மாரி உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். எப்படியோ சொல்லிவிட்டேன்.

"அட, நீங்க ஒண்ணு" என்று அந்த அம்மா சிரித்தார். "எம் மவனுக்கு அம்பது போட்டாங்க. பக்கத்துல நின்ன புள்ளைக்குத் தொண்ணூறு. எம் புள்ளைக்கு மட்டும் ஏன் மார்க்கக் கொறச்சீங்கன்னு டாக்டரம்மாகிட்ட சண்டைக்கே நின்னுட்டேன். அவங்களும் பாவம், தலையில அடிச்சுகிட்டாங்க."

பெஞ்சே சிரித்தது. எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. வந்த மூச்சு உடனே நின்றது. பட்டுக்கோட்டைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தது ஞாபகம் வந்தது. அவருக்கு அந்த நம்பரின் அர்த்தம் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். போர்வைக்குள்ளிருந்து, "எனக்குத் தெரியும்ங்க" என்றாள்.

"எப்பலேருந்து?"

"பஸ்ஸுல நீங்க ஆரஞ்சு உரிச்சீங்களே, அப்பலேருந்து. அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

"எட்டு ஊருக்குச் சொல்லிட்டேனேடி."

"நானும் பாத்துகிட்டேதான் இருந்தேன்."

அண்ணனிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லாவிட்டால் பட்டுக்கோட்டைக்காரர்கள் சொல்லி அவர் தெரிந்துகொள்வார். சொன்னால் என்ன செய்வாரோ. இரண்டு பக்கமும் பயமாக இருந்தபோது கொஞ்சம் குறைந்த பயத்தைத் தேர்ந்தெடுத்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் முழுசாகக் கேட்டார். சத்தம் போடவில்லை. எழுந்து என்னோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"அவங்ககிட்டேருந்து இன்னும் வேணாம்னு சொல்லி வரல" என்றார். "அதனால இப்ப ஒண்ணு பண்ணு. கல்யாணம் முடியிற வரைக்கும் பாப்பாவ அந்த மையத்துக்கு அனுப்பாத. அந்த பஸ்ஸுல நாலு ஊரு ஆளு ஏறுது. கண்டக்டர் பாஸக் காட்டுங்கன்னு கேக்குறான், நீங்க அட்டையக் காட்டுறீங்க. அந்த அட்டையத் திருப்பிக் குடுத்துடு. பின்னால வாங்கிக்கலாம்."

"எவ்வளவு நாளு அண்ணே?"

"மூத்தவளுக்கு முடிஞ்சு, சின்னவளுக்கும் முடியணும்ல."

அண்ணனுடைய சின்ன மகள் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தம்பி மனைவி, புருஷனுடைய அண்ணனிடம் நேராகப் பேச மாட்டாள். சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் சொல்வாள்; அவர் காதில் வாங்கிக்கொள்வார். பாப்பா பிறந்ததிலிருந்து அவளை வைத்துத்தான் இந்தப் பேச்சு நடந்து வந்தது. அன்றும் கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"பாப்பா, பெரியப்பாகிட்ட சொல்லு, அக்கா கல்யாணத்துக்கு நாங்க என்ன வேணா செய்யிறோம்னு. விடியக்காலம் எந்திரிச்சு வந்து சமைக்கிறோம், தண்ணி தூக்குறோம். ஆனா நாளைக்கும் எட்டு மணி பஸ்ஸுல நாம போறோம்னு சொல்லு."

பாப்பா 'ம்ம்ம்' என்றாள்.

அண்ணனும் பாப்பாவிடமே பதில் சொன்னார். "அப்படின்னா அடுத்த வாய்தாவுக்கு ஒங்கப்பனையே போகச் சொல்லு."

அவர் போன பிறகு நான் மனைவியிடம் கெஞ்சினேன். ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் நிறுத்திப் பார்ப்போம் என்றேன். அவள் பாப்பாவின் பையில் மாற்றுத் துணியை மடித்து வைத்துக்கொண்டே, "ஒரு மாசத்துல தாழ்ப்பாள் மறந்துடும்" என்றாள். மறுநாள் எட்டு மணி பஸ்ஸில் நானும் ஏறினேன். தைரியத்தில் ஏறவில்லை. அவர்களைத் தனியாக அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கப் பயந்து ஏறினேன்.

அன்று மையத்து வாசலில் பட்டுக்கோட்டைத் தாய்மாமன் நின்றுகொண்டிருந்தார். ஊரில் விசாரித்து, பஸ்ஸுக்கு முன்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். பாப்பாவோடு மனைவி உள்ளே போனாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அன்னைக்கி நீங்க சொன்னதக் கேட்டு எங்கக்கா ரெண்டு நாளு சாப்புடல" என்றார்.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க..."

"நீங்க எதுக்குக் கேக்குறீங்க? எங்கக்காவுக்குச் சின்னவன் ஒருத்தன் இருக்கான். பதினாறு வயசு. அவனுக்குத் தொண்ணூறு. பேப்பர் வாங்கி பீரோவுல வச்சதோட சரி. அட்டை கிட்டை எதுவும் வாங்கல, ஊருக்குத் தெரிஞ்சிடும்னு. மண்டிக்குப் பின்னால ஒரு ரூமு, அதுலதான் இருக்கான். பொண்ணு பாக்கப் போற எடத்துலல்லாம் ஒரே பையன்னுதான் சொல்றோம். நீங்க என்னடான்னா அத்தன பேரு முன்னாடி நம்பரோட சொல்லிட்டீங்க. அந்தத் தைரியம் எங்களுக்கு வரல."

நான் அப்படியே விட்டிருக்கலாம். யாரும் என்னைத் தைரியசாலி என்று சொன்னதில்லை. ஆனால் விட்டால் பிறகு என்ன ஆகுமோ என்ற பயம்.

"தைரியம் இல்லண்ணே. எழுபத்தஞ்சு நல்ல நம்பர்னு நெனச்சுட்டேன். வாரக் கணக்கு மாரி."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு சிரிப்பு. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்துத் துண்டால் கண்ணைத் துடைத்தவர், துண்டை எடுக்கவே இல்லை. நான் டீ வாங்கி வந்து கொடுத்தேன். அப்புறம் உள்ளே கூட்டிப் போய் டீச்சரைக் காட்டினேன். பதினாறு வயதுப் பையனுக்கு அவர்கள் ஊர்ப்பக்கம் யாரைப் பார்ப்பது, அந்தப் பழைய பேப்பர் செல்லுமா, அட்டைக்கு என்னென்ன வேண்டும் என்று டீச்சர் சொன்னார். தொண்ணூறு என்றால் எதுவும் வராது என்று அர்த்தமா என்று அவர் கேட்டபோது, டீச்சருக்கு முன்னால் நான் முந்திக்கொண்டு, "அப்படிக் கணக்குப் போடக் கூடாதுண்ணே" என்றேன்.

அண்ணனிடம் தாங்களே வந்து சொல்லிவிடுவதாக அவர் சொன்னார். வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தே விட்டார். அந்த அம்மா அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சின்ன மகனைப் பற்றி, அவனுக்கு என்ன பிடிக்கும், எப்படித் தூங்குவான் என்பது வரை சொன்னார். இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை ஒரேயடியாகச் சொன்னார். அண்ணன் மரியாதையாகக் கேட்டார். காப்பி கொடுத்து வாசல் வரை போய் வழியனுப்பினார்.

திரும்பி வந்து, "வேணாம்" என்றார்.

"ஏண்ணே? அவங்களே மறைக்காமச் சொல்லிட்டாங்களே."

"அங்கயும் ஒண்ணு, இங்கயும் ஒண்ணு. நாளைக்கி எம் பேரப்புள்ளைங்க எப்படிப் பொறக்கும்?"

"அப்படிப் பரம்பரையாத்தான் வரும்னு கெடையாதாம்ணே. டீச்சர் சொன்னாங்க. டாக்டர்கிட்ட வேணாக் கேட்டுக்கலாம்."

"அப்ப அந்த டீச்சரையே சம்பந்தம் பேசச் சொல்லு, போ."

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்தபடி உள்ளே போய்விட்டார். அவர்கள் மகள் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, பாப்பாவுக்குத் தலை வாரிவிட்டாள். என் மனைவியிடம், "அந்தத் தம்பியையும் கூட்டிட்டு வந்திருக்கலாம் சித்தி" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வருஷம் அவளுக்குத் திருவிடைமருதூர்ப் பக்கம் கல்யாணம் ஆனது. எங்களுக்குப் பத்திரிகை வந்தது, தபாலில் வந்தது. அடுத்த வீட்டிலிருந்து.

அண்ணன் என்னிடம் கடைசியாக நீளமாகப் பேசியது குத்தகையைப் பிரித்த அன்று. டிரஸ்டுக் கணக்கில் அண்ணன் பெயர் மட்டும்தான். பிரிவினை எங்களுக்குள் வாய்வார்த்தை. மேல்தலைப்பு அவருக்கு, வாய்க்கால் வாலில் இருப்பது எனக்கு. பாக்கியைத் தவணையில் கட்டும்படி கோர்ட்டு சொல்லியிருந்தது. "பாதி உன்னது. தவணை தவறுனா ரெண்டு பேருக்கும் நெலம் போவும், அத மட்டும் ஞாபகம் வச்சுக்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

பட்டுக்கோட்டை அம்மா மாதம் ஒருமுறையாவது என் மனைவிக்குப் போன் செய்வார். பையனுக்கு அட்டை வந்துவிட்டது. இப்போது மண்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்களாம். லாரி வந்தால் எழுந்து நின்று கை தட்டுகிறானாம். இரண்டு பேரும் என்ன பேசுவார்களோ, போனை வைக்கும்போது என் மனைவியின் முகம் அன்றைக்குக் கொஞ்சம் தெளிந்திருக்கும். பாப்பாவுக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. மையத்து வாசலில் என் கையை விட்டுவிட்டு உள்ளே போகிறாள். பெயரைக் கேட்டால் கடைசி எழுத்தை மட்டும் சொல்கிறாள். பெரியவளானால் என்ன, நாங்கள் இல்லாவிட்டால் என்ன என்று நான் கேட்கும் கேள்விகளுக்கு டீச்சரிடமும் பதில் இல்லை. எங்களுக்குப் பின் அவளுக்குப் பொறுப்பேற்பவருக்குச் சட்டத்தில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறது, காப்பாளர் என்று, அதை இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.

வாய்தாவுக்கு நானே போகிறேன். போகிற அன்று காலையில் எதுவும் உள்ளே இறங்காது. பணம் கட்டி ரசீதை வாங்கி, பஸ்ஸில் ஏறும்வரை இரண்டு தடவை எடுத்துப் பார்ப்பேன். போன குறுவைக்குத் தண்ணீர் எங்கள் மடை வரை வரவில்லை, சம்பா பாதிதான் தேறியது. அதனால் கடைசித் தவணைகளைக் கட்ட முடியாமல், கோர்ட்டில் இன்னும் கொஞ்ச நாள் கேட்டிருக்கிறேன். இன்றைய தேதிக்கு என் பாதியில் இன்னும் கட்ட வேண்டியது பதினோராயிரத்து நானூறு ரூபாய்.